கைக்காசு

நெடுங்கேணி,
26.09.1993

அன்புத் தங்கச்சி புனிதமலருக்கு,

மாதாவின் காவலில் நானும் இரஞ்சிதமும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மச்சானும் எப்படி? மச்சானின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா, இன்னும் நொண்டிக்கொண்டுதான் அரிசி மில்லுக்குப் போகிறாரா?

உனக்கு ஒரு நல்ல செய்தி. முல்லைத்தீவை விட்டு ஓடி வந்த இந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக எங்களுக்கென்று ஒரு கதவு இருக்கிறது. தகரக் கதவுதான், காற்றடித்தால் ஊரையே கூப்பிடுகிறது. ஆனாலும் கதவு கதவுதானே. பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்க்குப் பாய் முட்டிக்கொண்டு கிடந்த இரஞ்சிதம் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்கிறாள்.

இடம் தந்தவர் பாலன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி கிடைத்துக் குடியேறிய குடும்பம். சைவர்கள், நல்ல மனிதர்கள். அவருடைய மனைவி நாகேஸ்வரி முதல் நாளே எங்கள் மகள் ஆன்சலாவைக் கூப்பிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டா. வயல் மூலையில் எங்கள் குடிசை. வேலையும் அந்த வயலில்தான். வரம்பு கட்டுகிறேன், வாய்க்கால் வெட்டுகிறேன், மழை விழுந்ததும் விதைப்பு.

முதல் சனிக்கிழமை பின்னேரம் பாலன் காசை நீட்டினார். நான் அவருடைய கையை மெல்லத் தள்ளிவிட்டு, "இருக்கட்டும் அண்ணை, அறுவடையில பாப்பம்" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். காரியம் முடிந்தது.

நீ கரையில் பிறந்தவள், உனக்கு விளங்கும். கரைவலையில் பின்னேரம் அன்றைய கூலியைக் கைக்காசாக வாங்குகிறவன் கரையில் நின்று கயிறு இழுக்கிற ஆள். நாளைக்கு வராதே என்றால் அவன் வராமல் இருக்க வேண்டியதுதான். கைக்காசு வாங்காமல் தோணியில் ஏறுகிறவன் பங்குக்காரன். மீனைக் குவித்துப் பிரிக்கும்போது அவனுக்கென்று ஒரு குவியல் விழும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரே ஆனாலும் அவனை எழும்பிப் போ என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாக எத்தனை பேர் எங்களை எழும்பிப் போ என்று சொல்லிவிட்டார்கள். இனி ஒருவன் சொல்ல நான் விடமாட்டேன். கடலோ வயலோ, நான் பங்குக்காரன்.

ஆகவே திரும்பக் கடலுக்குப் போய்விடுவேனோ என்ற உன் பயத்தை விடு. தம்பி அன்ரனுக்கு நேவிக்காரன் செய்ததை நானும் மறக்கவில்லை. மரியாதையாக நிற்க ஒரு இடம் இல்லாததால்தான் கடலை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இடம் கிடைத்துவிட்டது. மச்சானுக்கு என் அன்பைச் சொல்.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும் அண்ணன்,
அந்தோனிமுத்து


பூவரசங்குளம்,
19.10.1993

அன்புள்ள அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே இரண்டு பேரும் உயிரோடு நடமாடுகிறோம். அங்கே நாலு பேரும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன். இவருடைய முழங்கால் அப்படியேதான். மில்லில் நெல் மூடை தூக்க முடியாது என்று தவிடு அள்ள விட்டிருக்கிறார்கள். தவிடு அள்ளுகிறவனுக்குச் சம்பளமும் தவிடு மாதிரித்தான்.

தாண்டிக்குளத்தில் ஆமி பாதையைப் பூட்டியிருந்ததால் உங்கள் கடிதம் சுணங்கி வந்தது. அன்றைக்கு நான் மிளகாய்த் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, கையெரிவோடு அதை வாசித்தேன். கடலுக்குப் போகமாட்டேன் என்ற வரியை மட்டும் மூன்று தடவை வாசித்தேன்.

ஆனால் மற்ற விசயம் எனக்கு விளங்கவில்லை அண்ணை. பங்கு என்று ஆருக்கு முன்னால் பேசினீர்கள்? நான் வாழ்க்கைப்பட்ட நாள் தொடக்கம் வயல்காரருக்கு நடுவில்தான் இருக்கிறேன். இங்கேயும் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் விதைநெல்லில் பாதி போடுவார்கள். உழவுக்கு முன்னாலேயே இரண்டு பெரிய மனிதர்களை வைத்து, இத்தனைக்கு இத்தனை என்று பேசி முடிப்பார்கள். மற்றவர்கள் எல்லாரும் என்னைப் போல நாள்கூலிதான். சிரித்ததைப் பேச்சு என்று வயலில் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். கோபிக்காமல் பாலன் அண்ணையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறுவடை வரைக்கும் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

உங்கள் சுகத்தையே நினைத்திருக்கும் தங்கை,
புனிதமலர்


நெடுங்கேணி,
14.11.1993

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். மகன் டிலக்ஸனுக்கு மட்டும் மலேரியாக் காய்ச்சல் வந்து போனது, இப்போது கோழிக்குஞ்சு மாதிரி ஓடித் திரிகிறான். மச்சானின் காலுக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டச் சொல்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். கள்ளி! உன்னுடைய காசில்தான் சாப்பிடுகிறோம் என்பது உனக்குத் தெரியாதா? நீ கோயில் ஆட்கள் மூலமாக அனுப்புவதெல்லாம் கிழமைக்குக் கிழமை ஒழுங்காக இரஞ்சிதத்தின் கைக்கு வந்து சேருகிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேள்வி வேறு. மிளகாய்த் தோட்டத்தில் கை எரிய உழைக்கும் காசை இங்கே தள்ளிவிட்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தங்க விலைக்கு விற்கும் இந்த ஊரில், பிள்ளைகளின் வயிறு காயாமல் இருக்கிறது என்றால் அது உன்னால்தான். சாப்பாட்டுக்கு முன் ஆன்சலா உன் பெயரையும் செபத்தில் சேர்த்துக்கொள்கிறாள்.

பங்கைப் பற்றி உனக்கு வீண் பயம். கேட்டு வாங்கினால் அது மரியாதை இல்லை. நான் வேலை செய்கிற முறையைப் பார்த்தாலே பாலனுக்குத் தெரியும். மற்றவர்கள் ஐந்து மணிக்கு மண்வெட்டியைக் கழுவுகிறார்கள், நான் இருட்டும் வரை நிற்கிறேன். பன்றி வராமல் வேலிக்கு முள் அடைத்தது நான். அன்றைக்குக் கூலிக்கு வந்த இரண்டு பேர் வரம்பில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கட வயல் என்ன, உங்களுக்கு மடமோ?" என்று சத்தம் போட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். கூலிக்காரரின் புத்தி அவ்வளவுதான்.

பயிர் முழங்கால் அளவு நிற்கிறது. அறுவடை முடிந்ததும் உன் வீட்டுக்கு நெல் மூடை வரும், எழுதி வைத்துக்கொள்.

பாசத்தோடு,
அண்ணன்


நெடுங்கேணி,
16.11.1993

அன்பான மச்சாளுக்கு,

சுகம் விசாரித்து எழுதப் பொழுதில்லை, மன்னியுங்கோ. உங்கள் அண்ணர் தண்ணீர் மறிக்கப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் இதை நாகேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும்.

அவர் உங்களுக்குக் காசு கிடைத்தது என்று எழுதியிருப்பார். நீங்கள் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். அது அவருடைய கூலிதான்.

முதல் கிழமை அவர் காசை வாங்க மறுத்தபோது பாலன் அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்து, நாகேஸ்வரி அக்காவிடம் கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை அக்கா கொண்டுவந்து நீட்டியபோது அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. டிலக்ஸன் காய்ச்சலில் கிடந்தான். நான் வாங்கினேன் மச்சாள். வாங்கி, உங்கள் பெயரைச் சொன்னேன்.

ஏன் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தான் கூலிக்காரன் என்று தெரிந்தால் அடுத்த நாளே அவர் கடலுக்குப் போய்விடுவார். "என்ர பங்கு கடலிலதான் கிடக்கு" என்று மண்டபத்தில் கிடந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். கடலில் அன்ரனை நேவிக்காரன் கொன்ற அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பூவரசங்குளத்தில் இருந்தீர்கள். உடல் வரவில்லை. ஆனால் பின்னேரம் அவனுடைய பங்கு மீனை ஒரு பனையோலைக் கடகத்தில் போட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். பங்குக்காரன் என்றால் செத்தாலும் பங்கு வரும், அதுதான் கரையின் சட்டம். அந்த மீன் வாசலிலேயே கிடந்து நாறியது. அப்படி ஒரு கடகம் என் வாசலுக்கு வரக்கூடாது.

இன்னொன்றும் செய்துவிட்டேன். அவருடைய கையிலேயே கொடுத்தால் என்ன என்று நாகேஸ்வரி அக்கா கேட்டா. வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "அவரிட்டைக் குடுத்தால் கள்ளுக்குப் போயிடும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். கள்ளின் வாசமே பிடிக்காத மனிதர். மாதா என்னை மன்னிக்கட்டும்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், காசு நீங்கள் அனுப்பியதாகவே இருக்கட்டும். எனக்கு எழுதுவதானால் நாகேஸ்வரி அக்காவின் பெயருக்கு எழுதுங்கோ.

உங்கள் மச்சாள்,
இரஞ்சிதம்


பூவரசங்குளம்,
07.12.1993

அன்பான மச்சாளுக்கு,

இங்கே சுகம் என்று எழுதக் கை வருகுதில்லை. முதலில் அண்ணையின் கடிதம் வந்தது, நான் அனுப்பாத காசுக்கு நன்றி சொல்லி! ஆரோ என் பெயரில் விளையாடுகிறார்கள் என்று திகைத்துப் போய் இருந்தேன். அந்தத் திகைப்பு அடங்குவதற்குள் உங்களுடையது.

நீங்கள் செய்தது எனக்குச் சரியாகவும் படவில்லை, பிழையாகவும் படவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களே, அதை நான் எப்படிப் பிழை என்பேன்? ஆனால் மச்சாள், அறுவடை என்று ஒரு நாள் வரும். பாலன் அண்ணை கூலி கொடுத்து முடித்த கணக்கில் நிற்பார், என் அண்ணன் பங்குக்குச் சாக்கு விரித்து நிற்பார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு முன் எப்படியாவது நீங்களே சொல்லிவிடுங்கள். நானும் சொல்லலாம்தான். சொன்னால் அவர் கடலுக்குப் போவார் என்று நீங்கள் எழுதிய பிறகு, எனக்குப் பேனையே ஓடவில்லை.

ஒரு தம்பியைக் கொடுத்தாகிவிட்டது. இவரையும் கொடுக்க என்னால் முடியாது. உங்கள் பொய்யில் நானும் பங்கு எடுக்கிறேன்.

கலக்கத்துடன்,
புனிதமலர்


பூவரசங்குளம்,
07.12.1993

அன்புள்ள அண்ணைக்கு,

இவரும் நானும் சுகம். டிலக்ஸனுக்குக் காய்ச்சல் மாறியது பெரிய ஆறுதல். இவருடைய காலுக்கு நீங்கள் சொன்னபடி நொச்சி இலை கட்டினேன்.

காசு கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள். சந்தோசம் அண்ணை. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். வேலையில் உடம்பைப் போட்டு முறிக்காமல், மற்றவர்கள் நிற்கிற நேரம் வரைக்கும் நின்றால் போதும். நத்தாருக்குப் பிள்ளைகளைக் கோயிலில் இயேசு பிறப்புப் பூசைக்குக் கூட்டிப் போங்கள்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

தங்கை,
புனிதமலர்


நெடுங்கேணி,
03.01.1994

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருடம் உங்கள் இரண்டு பேருக்கும் சுகத்தையும் வேலையையும் தரட்டும். நாங்கள் சுகம். உன் கடைசிக் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. என் மேல் ஏதாவது கோபமோ? மச்சானை மில்லால் நிற்பாட்டிவிட்டார்களோ? மறைக்காமல் எழுது.

இங்கே நெல் பால் பிடித்துவிட்டது. காலையில் வரம்பில் நின்று பார்த்தால் பசி தெரிவதில்லை. ஒரு தடவை நானே பாலனிடம், கீழ்ப்பாத்திக்குத் தண்ணீரைக் குறைத்தால் நல்லது என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் குறைத்தார். சம்மாட்டியாரும் அப்படித்தான், முதலில் முகத்தைச் சுருக்குவார், பிறகு பங்குக்காரனின் பேச்சைக் கேட்பார்.

ஒரு சின்ன விசயம் மட்டும் மனதில் முள்ளாகக் குத்துகிறது. நத்தாருக்கு முதல் நாள் தேத்தண்ணீர்க் கடையில் ஒருவன், "என்ன அந்தோனி, இண்டைக்குத் தவறணைப் பக்கம் போகேல்லையோ?" என்று கேட்டான். இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் எப்போது கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போனேன்? எங்களைப் போல வேதக்காரர் எல்லாரும் குடிகாரர் என்ற நினைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். இரஞ்சிதத்திடம் சொன்னேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

உனக்கு ஒரு கட்டளை. இனிக் காசு அனுப்பாதே. உங்கள் வயிற்றை ஒட்டவைத்து எங்களை வளர்த்தது போதும். தங்கச்சியின் காசு இனி இந்தத் தகரக் கதவுக்குள் வரக்கூடாது என்று இரஞ்சிதத்திடமும் சொல்லிவிட்டேன். அவள் ஏன் அப்படி அழுதாள் என்று எனக்குத் தெரியவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டு அறுவடை வரைக்கும் இழுத்துவிடுவோம். மாசி பிறந்தால் களம், களம் முடிந்தால் என் பங்கு. பங்கு கையில் வந்ததும் முதல் மூடை உனக்கு.

உன் நீண்ட கடிதத்தை எதிர்பார்க்கும்,
அண்ணன்


நெடுங்கேணி,
24.02.1994

மச்சாளுக்கு,

பிள்ளைகள் சுகம். எங்களைப் பற்றி என்ன எழுதுவது.

நீங்கள் பயந்த நாள் வந்து போய்விட்டது.

நெற்கதிரைச் சூடு அடித்து முடிந்து நெல்லைக் களத்தில் குவித்திருந்தார்கள். கூலிக்காரர், அயலவர் எல்லாரும் நின்றார்கள். உங்கள் அண்ணர் குளத்தில் முழுகி, கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிலக்ஸனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கரையில் பங்கு பிரிக்கும் நாளில் வருவாரே, அதே வடிவு. தோளில் இரவல் வாங்கிய வெறுஞ்சாக்குகள். அதற்கு முதல் நாள் முழுக்கச் சொல்லிவிட நினைத்து வாயைத் திறந்து திறந்து மூடினேன் மச்சாள். அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு சொல்ல முடியவே இல்லை.

பாலன் அண்ணை, "வாரும் அந்தோனி, சாக்கைப் பிடியும், மூடையைக் கட்டுவம்" என்றார்.

"முதல்ல என்ர பங்கைப் பிரியுங்கோ அண்ணை. பிறகு கட்டுவம்."

பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். பிறகு இவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்ன பங்கு?"

"விதைச்ச நாள் துவக்கம் நிக்கிறன். ஒரு சதம் கைக்காசு வாங்கேல்லை."

"என்ன கதை இது? சனிக்கு சனி நாகேஸ் கொண்டுபோய்க் குடுத்தவள் எல்லோ?"

"ஆரிட்டை?"

"உம்மட மனிசியிட்டை. உம்மட கையில தந்தால் கள்ளுக்குப் போயிடும் எண்டு அவாதானே சொன்னவா."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஓமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

பாலன் அண்ணையும் அதிர்ந்துதான் போனார், அதைச் சொல்ல வேண்டும். தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, நீர் பங்கு எண்டே இவ்வளவு நாளும் நிண்டனீர்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மனிசன்" என்றார். பிறகு, "ரெண்டு மூடை கொண்டுபோம், நான் சும்மா தாறன்" என்றார்.

"சும்மா வாங்க நான் அகதியில்லை" என்றார் இவர். அகதி அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். "கைக்காசு வாங்கின வீட்டுக்குப் பங்கில்லை. அது எங்கட சட்டம். நீங்கள் பிழையில்லை அண்ணை."

சாக்குகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். கூலிக்காரர்களில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த போகம் வரை வேலை இல்லை, குடிசையில் மட்டும் இருக்கலாம் என்று பாலன் அண்ணை பின்னால் வந்து சொன்னார். எழும்பிப் போ என்பதை அவரால் அதைவிட மெதுவாகச் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "புனிதமும் அறிஞ்சவளோ?"

நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவே இல்லை.

இரஞ்சிதம்


பூவரசங்குளம்,
10.03.1994

என் அன்பு அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவும் எனக்கு வாய் கூசுகிறது.

எல்லாம் அறிந்தேன். அறிந்த நேரம் தொடக்கம் என் முன்னால் அந்த வெள்ளைச் சட்டைதான் நிற்கிறது. மச்சாளைக் கோபிக்காதீர்கள். கோபிப்பதானால் என்னைக் கோபியுங்கள். ஓம், எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சந்தோசம் என்று எழுதினேன். உங்கள் மானத்தையும் உயிரையும் ஒரு தராசில் வைத்தால் எனக்கு உயிர்தான் பெரிதாகத் தெரிந்தது. நான் உங்கள் தங்கச்சி, எனக்கு அப்படித்தான் தெரியும்.

அண்ணை, நானும் கூலிக்காரிதான். நாளைக்கு வராதே என்ற சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போன கிழமை இவரையும் மில்லில் அப்படிச் சொல்லிவிட்டார்கள். அவமானம்தான். ஆனால் செத்துப் போகவில்லை.

கடலுக்கு மட்டும் போகாதீர்கள். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் புனிதம்


நெடுங்கேணி,
05.04.1994

மச்சாளுக்கு,

உயிர்ப்பின் வாழ்த்துகள். ஆன்சலாவும் டிலக்ஸனும் சுகம்.

அவர் போய்விட்டார். உயிர்ப்புக்கு முந்திய தபசு காலம் முடியும்வரையாவது பொறுத்திருப்பார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த நாள் பையை எடுத்துக்கொண்டு அளம்பில் கரைக்குப் போய்விட்டார். ஆன்சலாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கடிதம் அவர் இருக்கும்போதே வந்தது. வாசித்து, மடித்துப் பைக்குள் வைத்தார்.

நேற்று மீன்காரச் சிற்றம்பலம் சைக்கிளில் வந்து, "அந்தோனி தந்தவன்" என்று காசும் ஒரு கட்டுக் கருவாடும் நீட்டினார். தோணியில் போறாரோ என்று கேட்டேன். அந்த மனிதர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நான் அதைத் தொடவில்லை மச்சாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருடைய பங்கு என் வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டது. இன்றைக்குக் காசு. ஒரு நாளைக்குக் கடகம். பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அதை நான் வாங்கமாட்டேன். நாகேஸ்வரி அக்கா வீட்டில் நெல் குத்துகிறேன், குருணல் அரிசி கிடைக்கிறது.

நீங்கள் எழுதினால் அவர் கேட்பார். அளம்பில் கோயில் விலாசத்துக்கு எழுதிப் பாருங்கோ.

இரஞ்சிதம்


அளம்பில்,
21.04.1994

புனிதமலருக்கு,

நான் சுகம். மச்சானின் வேலை போனதை அறிந்தேன். கவலைதான்.

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பாலன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் விட்டது என் பிழை. ஆனால் நீ கரையில் பிறந்தவள். சாக்கோடு போய்க் களத்தில் நிற்பேன் என்று தெரிந்துகொண்டு நீ பேசாமல் இருந்தாய். எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

இங்கே வந்தது கடலுக்குப் போகத்தான். உன்னிடம் எதற்குப் பொய். வந்த மறுநாள் காலை வலை வளைக்கத் தோணி தள்ளினார்கள். ஐயாத்துரைச் சம்மாட்டியார் என்னைக் கண்டதும், "வாடா அந்தோனி, உன்ர இடம் கிடக்கு, ஏறு" என்றார். மூன்று வருடமாக ஒருவரும் எனக்குச் சொல்லாத சொல். ஓடிப்போய்த் தோணியின் விளிம்பைப் பிடித்தேன், ஒரு காலைத் தூக்கியும்விட்டேன்.

அந்த நேரத்தில்தான் அந்த எண்ணம் வந்து அறைந்தது. இரஞ்சிதம் என்னைக் கள்ளுக்காரன் என்று ஊருக்குச் சொன்னவள். என்னுடைய பெயருக்கு ஒரு சொல் வந்தால் சண்டைக்குப் போகிற பெண் அவள். அவளே தன் வாயால் அப்படிச் சொன்னாள் என்றால், நான் கடலுக்குப் போய்விடுவேன் என்று எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? களத்தில் நின்றபோதும் எனக்கு அது விளங்கவில்லை, வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த நாட்களிலும் விளங்கவில்லை. என் மானம் மட்டும்தான் தெரிந்தது. தண்ணீரில் ஒரு கால், தோணியில் ஒரு கால் என்று நின்றேன்.

தோணியில் வைத்த காலை எடுத்துவிட்டேன். "நான் கரையில நிக்கிறன். கயிறு இழுக்கிறன். பின்னேரம் கைக்காசைத் தாருங்கோ" என்றேன்.

சம்மாட்டியாருக்கு நம்ப முடியவில்லை. "ஆர், நீயோ?" என்று கேட்டார். என்னோடு தோணியில் போனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெடியன்களோடு வரிசையில் நின்று கயிற்றைப் பிடித்தேன். பின்னேரம் கையை நீட்டினேன். புனிதம், கையை நீட்டுவது இவ்வளவு பாரமான வேலை என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

சிற்றம்பலத்திடம், நான் கயிறு இழுக்கிறேன் என்று வீட்டில் மூச்சும் விடாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவ்வளவு வெட்கம். அவள் அதைக் கடற்பங்கு என்று நினைத்துத் தொடாமல் திருப்பியிருக்கிறாள். காசு திரும்பி வந்த அன்று நான் கயிற்றடியிலேயே இருந்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை திரும்பவும் கொடுத்தனுப்புவேன். அவளுக்கு நேரே எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நீ எழுது. பங்கு என்ற சொல்லை எங்கேயும் எழுதாதே. உன் புருசன் தோணியில் ஏறவில்லை, மண்ணில் கால் ஊன்றி நிற்கிறான், இது கூலி, வெறும் கைக்காசு என்று எழுது. அப்போதுதான் அவள் வாங்குவாள்.

உன் அண்ணன்,
அந்தோனிமுத்து